நடுவருக்கு இரு வேளை முகிலரசன்

சொற்கொண்டல் முகிலரசன் கண்ணாடி முன் நின்று அழுது பார்த்துக்கொண்டிருந்தபோது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது.

அழுகை ஒத்திகைதான். நாநயப் பேரரசு குணசீலன் காலமானால் பேச வேண்டிய இரங்கல் உரை அவரிடம் வெகு நாட்களாகத் தயாராக இருந்தது. குரல் எந்த இடத்தில் உடைய வேண்டும் என்பதில் மட்டும் ஒரு சிக்கல். 'இமயம் சாய்ந்தது' என்ற இடத்தில் உடைந்தால் கைதட்டல் நிச்சயம். ஆனால் அந்தக் கைதட்டலில் அடுத்த வரி அமுங்கிப்போகும். அடுத்த வரிதான் அவர் சொந்தமாக யோசித்தது.

அந்தக் காலத்தில் சமைக்க, பெருக்க, பிள்ளையைத் தாலாட்ட, வரன் பார்க்க, எல்லாவற்றுக்கும் இயந்திரம் வந்துவிட்டிருந்தது. பட்டிமன்றத்துக்கு மட்டும் வரவில்லை. ஒருமுறை முயன்று பார்த்தார்கள். இயந்திர நடுவர் இரு தரப்பையும் கேட்டுவிட்டு ஒரே நிமிடத்தில் சரியான தீர்ப்பைச் சொல்லிவிட்டது. தீர்ப்பு சரியாக இருந்ததால் கூட்டம் கடுப்பாகி எழுந்து போய்விட்டது. அதன் பிறகு அந்தத் தொழிலில் யாரும் கை வைக்கவில்லை.

ஆகவே மதுரையில் குணசீலன் முப்பது வருடமாக நடுவர். முகிலரசன் முப்பது வருடமாக அணித் தலைவர். இந்த முப்பது வருடத்தில் குணசீலன் ஒரு முறைகூட முகிலரசன் அணிக்குத் தீர்ப்புச் சொன்னதில்லை. மருமகளுக்காகப் பேசினால் மாமியார் ஜெயித்தார். சரி என்று அடுத்த ஆண்டு மாமியார் பக்கம் தாவினால், அந்த ஆண்டு பார்த்து மருமகள் ஜெயித்தார்.

அப்படிப்பட்ட குணசீலன் ஒரு பாராட்டு விழா மேடையில் யாரோ பொன்னாடை போர்த்தும்போது சரிந்து விழுந்தார். கூட்டம் அதைப் பணிவு என்று நினைத்துக் கைதட்டியது. கைதட்டல் அடங்கிய பிறகும் அவர் எழுந்திருக்காததால்தான் ஆம்புலன்ஸ் வந்தது.

"முகிலரசன் சாருங்களா? ஐசியூவுல இருந்து சிஸ்டர் ஜெசிந்தா பேசுறேன். உடனே கெளம்பி வாங்க."

"ஐயோ! அண்ணன் போயிட்டாரா?" குரல் உடைந்தது. எவ்வளவு இயல்பாக உடைந்தது என்பதை அவரே கவனித்துக்கொண்டார்.

"போகல சார். போயிரக்கூடாதுன்னுதான் உங்களக் கூப்புடுறோம்."

*

ஐசியூ வாசலில் குணசீலனின் மனைவி சுகந்தி மடியில் காபி பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. நீங்கதான் மருந்தாம்."

"என்ன மதினி சொல்றீக?"

"உள்ள போங்க. பெரிய டாக்டர் சொல்லுவாரு. நல்லாச் சொல்லுவாரு. சீக்கிரம் சொல்ல மாட்டாரு."

பெரிய டாக்டர் பார்த்திபன் வெள்ளைக் கோட்டுக்குள் இன்னொரு கோட்டும் போட்டிருந்தார். தென் மாவட்டங்களின் தீவிர சிகிச்சைத் தந்தை என்று அவர் அறை வாசலில் எழுதியிருந்தது. எழுதச் சொன்னது யார் என்று கேட்கத் தேவையில்லாதபடி பெரிதாகவே எழுதியிருந்தது.

"அண்ணன் எப்படி இருக்காரு டாக்டர்?" என்று கேட்டார் முகிலரசன்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. கோபன்ஹேகன்," என்று ஆரம்பித்தார் டாக்டர். "ஊரெல்லாம் போலியோ. மூச்சு விட முடியாம நோயாளிங்க வந்துக்கிட்டே இருக்காங்க. இரும்பு நுரையீரல்னு ஒரு மெஷின் அப்ப. அது பத்தல. ஒரு டாக்டர் யோசிச்சாரு. தொண்டையில ஓட்டை போட்டுக் குழாயைச் சொருகு. குழாய்ல ஒரு பையை மாட்டு. பையைக் கையால அமுக்கு. அமுக்குனா மூச்சு, விட்டா போச்சு. யாரு அமுக்குறது? மெடிக்கல் காலேஜ் பசங்க! ஷிஃப்ட் போட்டு, மாசக்கணக்கா! ஒருத்தன் கை ஓஞ்சா அடுத்தவன் கை. தீவிர சிகிச்சைங்கிற துறையே அந்தக் கைகள்ல பொறந்துச்சு சார்!"

முகிலரசனுக்குப் பொறாமையாக இருந்தது. இந்த ஆளை மேடையேற்றினால் தன் பிழைப்பு என்னாவது?

"அப்புறம் கைய எடுத்துட்டு மெஷின வெச்சோம். நுரையீரலுக்கு ஒண்ணு, கிட்னிக்கு ஒண்ணு, இதயத்துக்கு ஒண்ணு. இன்னைக்கு என் ஐசியூவுல எமனுக்குன்னு ஒரு உறுப்புகூட மிச்சம் வெக்கல. ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் எங்க கைக்கு அகப்படவே இல்ல..."

"சார், அஞ்சாம் பெட்டுக்கு மருமக டோஸ் டைமாச்சு. சுருக்குங்க," என்றார் சிஸ்டர் ஜெசிந்தா.

சுருக்கியது சிஸ்டர்தான். எல்லா உறுப்பையும் ஓட வைத்துவிடலாம். நோயாளிக்குத் திரும்பி வர ஆசை இருக்கிறதா என்பதுதான் இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. இப்போது அதற்கும் ஒரு கருவி வந்துவிட்டது. உயிர்வேட்கை அளவி என்பது அதன் ஏட்டுப் பெயர். வார்டில் எல்லோருக்கும் அது ஆசைப்பெட்டி. படுக்கைத் தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு முள். எதைக் கேட்டால் முள் எழும்புகிறதோ அதையே மருந்தாகக் கொடுக்கச் சொல்லும். முள் பூஜ்யத்தில் படுத்து ஒரு பகல் ஓர் இரவு அப்படியே கிடந்தால் மற்ற எல்லா இயந்திரமும் நின்றுவிட வேண்டும். அது சட்டம்.

குணசீலனின் கட்டிலுக்குப் போகிற வழியெங்கும் மருத்துவம் நடந்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரின் காதில், "உங்க கையெழுத்து இல்லாமலே ஃபைல் மேல போயிருச்சு சார்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். தாசில்தாரின் விரல்கள் பேனாவைத் தேடித் துடித்தன. ஐந்தாம் படுக்கையில் ஒரு மருமகள் குனிந்து, "அத்தே, இன்னைக்குச் சாம்பார்ல புளிக்குப் பதிலா தக்காளி சாஸ் ஊத்துனேன்" என்றாள். முள் துள்ளியது.

"அன்பாப் பேசுனா வேல செய்யாதா டாக்டர்?"

"சில பேருக்குச் செய்யும். ஆனா பாதிப் பேரு நிம்மதியாயிடுறாங்க. நிம்மதியானவங்க கெளம்பிடுறாங்க சார்."

குணசீலனுக்கு எல்லாம் செய்து பார்த்துவிட்டார்கள். அமைச்சர் வந்து தன்னைப் பற்றி உருக்கமாகப் பேசினார். முள் அசையவில்லை. மாணவர்கள் வந்து கதறினார்கள். அசையவில்லை. சுகந்தி பேசினார். அதே கதைதான்.

"உங்களுக்குமா மதினி?" என்று முகிலரசன் பின்னால் வந்த சுகந்தியைச் சங்கடத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"முப்பது வருசமா நான் பேசி எதுக்கு அசைஞ்சாரு இந்த மனுசன்? இப்ப முள்ளு அசைஞ்சிருந்தா எனக்குல்ல இங்க ஒரு பெட்டு போட்டிருக்கணும்."

பிறகு தற்செயலாக ஒன்று நடந்தது. நர்ஸ்கள் உட்காரும் இடத்தில் இருந்த டிவியில் முகிலரசனின் பேட்டி. "நடுவர் இருக்கை வெறுமையாகக் கிடக்கிறது. தமிழ் அழைத்தால் நான் மறுக்க மாட்டேன்" என்று அவர் தழுதழுத்த அந்த நொடியில் குணசீலனின் முள் உச்சத்துக்குப் போய் 'டங்' என்று இடித்தது.

தலைமாட்டுத் திரையில் மருந்துச்சீட்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது: முகிலரசன். காலை ஒன்று, மாலை ஒன்று. ஆகாரத்துக்குப் பின்.

"யாரோட ஆகாரத்துக்குப் பின்னால?"

"உங்க ஆகாரத்துக்குத்தான். வெறும் வயித்துல நீங்க சரியாப் பேச மாட்டீங்களாமே," என்றார் சிஸ்டர்.

*

முதல் வேளை மருந்தைக் காண டாக்டர், அவருடைய மாணவர்கள், நான்கைந்து நர்ஸ்கள், சுகந்தி என்று ஒரு சிறு கூட்டமே திரண்டுவிட்டது. கூட்டம் என்று வந்துவிட்டால் முகிலரசனுக்குத் தன் வாய் தன் வசம் இருப்பதில்லை. தொண்டையைச் செருமினார்.

"அறிவுக்கு அரணாய், அன்புக்கு முரசாய், அருந்தமிழின் அசையாத இமயமாய்..."

முள் சரிந்தது. பெட்டி வீறிட்டது. எங்கிருந்தோ இரண்டு பேர் தள்ளுவண்டியோடு ஓடி வந்தார்கள்.

"நிறுத்துங்க தம்பி!" என்று சுகந்தி கத்தினார். "கூறு இருக்கா உங்களுக்கு? நீங்க முழுசாப் புகழ்ந்தா என்னா அர்த்தம்? செத்துட்டோம்போல, இரங்கல் கூட்டம் நடக்குது போலன்னு நெனச்சுட்டாரு மனுசன்!"

அது உண்மைதான். பட்டிமன்றக்காரர்களிடம் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருக்கும் வரை மேடையில் ஒருவரை ஒருவர் கிண்டல்தான் செய்வார்கள். கலப்படமில்லாத புகழ் படத்திறப்பு விழாவுக்கு மட்டுமே. இதெல்லாம் டாக்டருக்குத் தெரிய நியாயமில்லை. ஆசைப்பெட்டிக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் முகிலரசன்தான். வாயில் வந்ததைக் கத்தினார்.

"யண்ணே! நீங்க சொல்ற ஜோக்குல பாதி நான் எழுதிக் குடுத்தது! மீதிப் பாதிக்கு இதுவரைக்கும் யாரும் சிரிச்சதே இல்ல!"

முள் நின்றது. யோசித்தது. எழும்பியது.

"இது மருந்து!" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் முகிலரசன் வந்தார். குணசீலனின் சாயம் பூசிய மீசையைப் பேசினார். ஒரே துணுக்கை மூன்று மாவட்டங்களில் மூன்று பெரியவர்கள் சொன்னதாகச் சொன்னதைப் பேசினார். இல்லத்தரசியா, இயந்திரச் சமையல்காரனா என்ற பட்டிமன்றத்தில், மைக் முன்னால் இல்லத்தரசிக்காகக் கண்ணீர் விட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியிலேயே இயந்திரச் சமையல்காரனுக்கு ஆர்டர் கொடுத்ததைப் பேசினார். முள் ஏறியது. ஏற ஏற முகிலரசனுக்கும் ஏறியது. முப்பது வருடமாக மணியடித்து உட்கார வைத்த நடுவர் இதோ கட்டிலில். மணி இல்லை, நேரக் கட்டுப்பாடு இல்லை. வாழ்க்கையில் அவர் அப்படிப் பேசியதே இல்லை. எதிரில் உள்ளவர் மயக்கத்தில் இருந்தும் கேட்டார். விழித்திருப்பவர்கள்கூட அவரை அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

*

அப்போதுதான் தொலைக்காட்சிக்காரப் பையன் தர்ஷன் போன் செய்தான்.

"சார், பொங்கல் ஸ்பெஷலுக்குத் தேதி குறிச்சாச்சு. குணசீலன் சார் வருவாரா, மாட்டாரா? மாட்டாருன்னா நீங்கதான் நடுவர். மேல பேசிட்டேன்."

"அத நான் எப்படிப்பா சொல்றது?"

"நீங்கதான சார் மருந்து? உங்களுக்குத் தெரியாமயா?"

பையன் வெகுளியாகத்தான் கேட்டான். ஆனால் முகிலரசனுக்குக் காது சூடாகிவிட்டது. "நாளைக்குச் சாயங்காலம் சும்மா வந்து ஒக்காந்து பாருங்க சார், சேர் ஒயரம் செட் பண்ணணும்" என்றான் அடுத்து.

சாயங்காலம் மருந்து வேளை. ஒரு வேளைதானே, மாத்திரைகூட ஒரு வேளை தவறுவது உண்டுதானே என்று தனக்குத்தானே வாதாடி, தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டு முகிலரசன் ஸ்டுடியோவுக்குப் போனார். அரியணை போன்ற நாற்காலி, சிவப்பு வெல்வெட். உட்கார்ந்தார். கச்சிதமாகப் பொருந்தியது. உட்காரும் வரைதான் அது குணசீலனின் நாற்காலியாக இருந்தது.

மறுநாள் காலையில் முள் பாதிக்கும் கீழே.

"நேத்துச் சாயங்காலம் டோஸ் தவறிருச்சு," என்றார் சிஸ்டர்.

"தொண்ட கட்டிருச்சு சிஸ்டர்."

"இப்ப நல்லாத்தான இருக்கு?"

அவர் கட்டிலருகே போய் மீசைக் கதையை எடுத்தார். முள் அசையவில்லை. துணுக்கு விவகாரத்துக்குப் போனார். அசையவில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ஒடம்பு பழகிருச்சு. அதே மருந்து இனிமே கேக்காது. புதுசா ஏதாவது இருக்கா சார் உங்ககிட்ட?"

இல்லை. முப்பது வருடத்து வயிற்றெரிச்சலும் செலவாகித் தீர்ந்துவிட்டிருந்தது. மத்தியானத்துக்குள் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. நாளை மத்தியானம் வரை அப்படியே கிடந்தால் சட்டம் தன் வேலையைச் செய்யும்.

முகிலரசன் வாசலில் சுகந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் சும்மா இருந்தால் போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தன்னால் ஆனதைச் செய்தார் என்பார்கள். பொங்கலன்று அந்த வெல்வெட் நாற்காலியில் கண்ணீர் மல்க உட்காரலாம். இரங்கல் உரை வேறு தயாராக இருக்கிறது.

சுகந்தி பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். "அழ வரல தம்பி எனக்கு. அவரு ஒண்ணும் என்கிட்ட ஒக்காந்து பேசுன ஆளில்ல. சாப்புடும்போதுகூடக் கண்ணாடியப் பாத்து உங்களத் திட்டிக்கிட்டுத்தான் இருப்பாரு. இப்ப வீட்டுல ஃபிரிட்ஜு ஓடுற சத்தம் கேக்குது. அது இவ்வளவு சத்தம் போடும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

முகிலரசன் காபியைக் கையில் வைத்தபடியே இருந்தார். ஆறிப்போய் ஏடு படிந்தது. திடீரென்று எழுந்து உள்ளே போனார்.

"சிஸ்டர், ஒரு பட்டிமன்றம் நடத்தணும்."

"இங்கயா?"

"நாளைக்குக் காலைல. நீங்களும் டாக்டரும் ஒரு அணி. நான் எதிரணி. அண்ணன்தான் நடுவர்."

*

தலைப்பு: திரும்பி வருவதே மேல், போய்விடுவதே மேல். வருவதே மேல் என்று டாக்டர் அணி. போய்விடுவதே மேல் என்று முகிலரசன்.

"என்ன தம்பி இது, போகச் சொல்லிப் பேசப் போறீங்களா?" என்று பதறினார் சுகந்தி.

"மதினி, என்னைக்காவது எனக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்காரா அண்ணன்? நான் போகச் சொன்னா வந்துதான ஆகணும்?"

டாக்டர் கோபன்ஹேகனில் தொடங்கினார். கைகள், கைகள் என்று கண் கலங்கினார். வென்டிலேட்டர் வந்த வரலாறு, மானிட்டர் வந்த வரலாறு, தான் வந்த வரலாறு என்று போனபோது முள் பூஜ்யத்துக்கும் கீழே இடம் தேடியது. சிஸ்டர் எழுந்து, "வாங்க சார், பெட்டு வேணும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முகிலரசன் எழுந்தார்.

"நடுவர் அவர்களே. எதுக்கு வரணும் நீங்க? சர்க்கரை இல்லாத காபிக்கா? பிரஷர் மாத்திரைக்கா? மாடிப்படி ஏறும்போது மத்தளம் அடிக்கிற முழங்காலுக்கா? கால்ல விழுந்து எந்திரிக்கும்போதே சிபாரிசு கேக்குற சிஷ்யன்களுக்கா? போத்துன பொன்னாடையெல்லாம் உங்க வீட்டு ஜன்னல்ல திரைச்சீலையாத் தொங்குது. இன்னும் போத்திக்க என்ன இருக்கு? போயிட்டீங்கன்னா? ஒருத்தன் குறுக்கப் பேச மாட்டான். நான் வருவேன். இமயம்னு சொல்லுவேன். எல்லாரும் அழுவாங்க. முப்பது வருசமா நான் உங்களுக்குக் குடுக்காத புகழையெல்லாம் அன்னைக்கு மொத்தமாக் குடுப்பேன்."

இதுவரை அவர் திட்டமிட்டது. அடுத்தது தானாக வந்தது.

"நாற்காலியப் பத்திக் கவலப்படாதீங்க. முந்தாநேத்து நான் போய் ஒக்காந்து பாத்துட்டேன். மருந்து வேளைய விட்டுட்டுத்தான் போனேன். நல்லாப் பொருந்துதுண்ணே. அதனால நிம்மதியாப் போயிட்டு வாங்க."

அது உபாயமா, உள்ளத்தில் உள்ளதா என்று சுகந்தி அவர் முகத்தையே பார்த்தார். முகிலரசனுக்கும் அது தெரியவில்லை. அவ்வளவு நன்றாக அவர் இதுவரை பேசியதில்லை என்பது மட்டும் தெரிந்தது. முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது குணசீலன் கண் விழித்தார், உதடு அசைந்தது. சிஸ்டர் பாய்ந்து ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினார்.

"தீர்ப்பு..." என்றது உலர்ந்த குரல்.

பழக்க தோஷத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"டாக்டரு... ஒரே இழுவ. சிஸ்டர் சுருக்கம். நல்லாருந்துச்சு." மூச்சு வாங்கினார். "முகிலு. நீ ஜெயிச்சுட்டடா."

முகிலரசனுக்குக் கேட்டது. கேட்டதா என்று சந்தேகமாகவும் இருந்தது.

"ஒத்துக்கிறேன். போறதுதான் சரி. பேசாமப் போயிருப்பேன். ஆனா நான் போயிட்டா நீயே உனக்குத் தீர்ப்புச் சொல்லிக்குவ. அது மொறையில்ல. அதுக்குத்தான் வந்தேன். சொல்லிட்டேன்." குணசீலன் கண்களை மூடினார். முகத்தில் அப்படியொரு திருப்தி. கண் விழித்தபோது கொஞ்சம் எழும்பியிருந்த முள் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது.

முப்பது வருடமாக அந்த வார்த்தைக்காக முகிலரசன் காத்திருந்தார். மேடை, விளக்கு, கைதட்டல், மாலை என்று எத்தனையோ விதமாக அதைக் கனவு கண்டிருந்தார். அது வந்தேவிட்டது. காபி நுரை அடங்குகிற நேரம் அதை வைத்துக்கொண்டு நின்றார்.

"எப்படி ஜெயிச்சேன்?" என்றார்.

கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

"உங்களத்தாண்ணே. எந்த அடிப்படையில குடுத்தீங்க தீர்ப்ப? சர்க்கரை இல்லாத காபிக்காக எவனாவது சாவானா? அது ஒரு பாயிண்ட்டா? முழங்கால் வலிக்குதுன்னா தைலம் தேய்க்கணும், செத்தா போவாக? டாக்டரு அந்தக் கைங்க வெசயத்தச் சொன்னாரே, அதுக்கு நான் மறுப்பே சொல்லலயே! மறுப்புச் சொல்லாத அணிக்கு வெற்றி குடுக்குற நடுவர் ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தாண்ணே!"

குணசீலனின் ஒரு புருவம் மேலேறியது. "நா... நான் குடுத்த தீர்ப்ப..."

"மட்டமான தீர்ப்பு! தூக்கத்துல குடுத்த தீர்ப்பு! நான் தோத்துட்டேண்ணே, எல்லாருக்கும் தெரியுது, உங்களுக்கு மட்டும் தெரியல! சிஸ்டரோட ஒத்த வரிக்கு என் பேச்சு உறை போடக் காணாது!"

"யார்ட்ட வந்து பேசுற? ஜெயிச்சன்னா ஜெயிச்சதுதான்டா!"

"தோத்துட்டேன்!"

"ஜெயிச்சுட்ட!" குணசீலன் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். "இந்தக் கொழாயெல்லாம் கழட்டுங்கம்மா. இவனுக்கு ஒக்காந்து பதில் சொன்னாத்தான் உறைக்கும்."

'டங்' என்று இடித்தது முள்.

வாசல் பெஞ்சில் முகிலரசன் விட்டுவிட்டுப் போன போன் அலறிக்கொண்டிருந்தது. சுகந்தி வெளியே வந்து எடுத்தார். தர்ஷன். பொங்கலுக்கு நடுவர் யார் என்று முடிவாகிவிட்டதா என்று கேட்டான்.

சுகந்தி கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்திருந்த நடுவர் கையை ஓங்கிக்கொண்டிருந்தார். எதிரில் மருந்து குதித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் அதத்தான் பேசிக்கிட்டு இருக்காக தம்பி. முடிஞ்சதும் சொல்றேன்."

அந்தப் பொங்கலுக்கு அந்தத் தொலைக்காட்சியில் ஒரு பழைய படம் போட்டார்கள்.